பர்மனென்ட் நோயாளி

அகரமேடு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மனித மூளையைக் கண்டுபிடித்துச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு அவர்கள் சிறுதானியத்தில் இருந்தார்கள். சிறுதானியத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றதும், ‘கேழ்வரகு உயராய்வு மையம்’ என்ற பலகையை இறக்கித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ‘மூளை நோய்களுக்கான மென் உயிர்ப்பொருள் ஆய்வு மையம்’ என்று எழுதி மறுபடி ஏற்றினார்கள். காற்று பலமாக அடிக்கிற நாட்களில் பலகை ஒரு சுற்றுச் சுற்றும். மையம் சற்று நேரம் கேழ்வரகாக இருந்துவிட்டு மூளைக்குத் திரும்பும்.

ஐரோப்பாவில் ஆறு மாதம் பனி பெய்கிற ஓர் ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு. மூளை வெண்ணெய் மாதிரி இருப்பதால், அதில் கெட்டியான கருவி எதை வைத்தாலும் காயமாகும். ஆகவே ஜெல்லி மாதிரி ஒரு வஸ்துவைச் செய்து, அதில் மருந்தை ஏற்றி, கெட்டுப்போன இடத்தில் வைத்துவிட்டால் அது உள்ளேயே இருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் குணப்படுத்தும். இதுதான் ஆராய்ச்சி. நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பத்தில் ‘இத்திட்டத்தில் பொதுமக்களும் பங்கேற்பர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அகரமேட்டுப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நான்கு பக்கமும் முந்திரித் தோப்பு. முந்திரி மரங்கள் பங்கேற்காது. எனவே நெய்வேலிக்கு வந்தார்கள்.

நெய்வேலியைத் தேர்ந்தெடுத்தவர் புத்திசாலி. பத்து மணிக்கு விழா என்றால் ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்காருகிற ஜனம் தமிழ்நாட்டிலேயே இங்கேதான் உண்டு. ஆயுள் முழுக்க ஷிப்டுக்குப் போனவர்கள். ரிட்டயர் ஆனபிறகும் சங்கு ஊதினால் செருப்பைத் தேடுவோம். விழா நடத்துகிறவர்களுக்கு எங்களைப் போல் ஒரு வரப்பிரசாதம் கிடையாது.

அப்படி ஒன்பதே முக்காலுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர்தான் சிங்காரவேல். மந்தாரக்குப்பத்துக்காரர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்த நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த குடும்பம். நிலம் கொடுத்து, கான்ட்ராக்டில் சேர்ந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, சீனியாரிட்டியில் பெயர் மேலே ஏறி ஏறி, கடைசியில் மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனையும் முடித்து பர்மனென்ட் ஆனவர். சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய சக்கர இயந்திரம் ஓட்டினார். மாற்று ஆள், அதாவது ரிலீவர், வந்து படியில் கால் வைக்கிற வரைக்கும் சீட்டை விட்டு இறங்கமாட்டார். கான்ட்ராக்டில் இருந்த காலத்திலேயே இந்தப் பழக்கம் உண்டு. தன் கல்யாண வரவேற்புக்கே ரிலீவர் வராததால் தாமதமாகப் போனார் என்றும், அதுவரை பெண் மட்டும் மேடையில் நின்று எல்லாரையும் வணங்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்வார்கள். நான் மொய் எழுதிய கல்யாணம். உண்மைதான்.

அந்தப் பெண்தான் கஸ்தூரியம்மாள். இப்போது அவருக்குக் கை நடுக்கம். பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை வேலை செய்கிறபோது பாதகமில்லை. அது இறங்குகிற நேரத்தில் டம்ளர் பேசும், தட்டு பேசும். ஒரு தடவை பண்ருட்டியில் கல்யாணப் பந்தியில் சாம்பார் பக்கத்து இலைக்காரியின் பட்டுப்புடவையில் போய் விழுந்தது. அந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கஸ்தூரியம்மாள் எந்தப் பந்தியிலும் உட்காருவதில்லை. மொய் எழுதிவிட்டுப் பசியோடு திரும்பி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

பேத்தி ஹரிணிக்குப் படிப்பு முடிந்ததும் கல்யாணம். அந்தப் பந்தியில் பெண்டாட்டி எல்லாரோடும் உட்கார்ந்து, தன் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். சிங்காரவேலுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தொடக்க விழாவில் துணைவேந்தர் டாக்டர் ராஜ்மோகன் பேசினார்.

“மூளை மென்மையானது. நமது பொருளும் மென்மையானது. நமது பல்கலைக்கழகத்தின் அணுகுமுறையும் மென்மையானது. இதுவரை நாங்கள் எதையும் அழுத்திப் பிடித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

கைதட்டினோம். பிறகு இரண்டு பல்கலைக்கழகமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. போட்டோக்காரர் கேமரா மூடியைக் கழற்ற மறந்திருந்ததால் இன்னொரு முறை கையெழுத்திட்டன. ஆக, நட்பு இருமடங்கு உறுதியானது.

கீழே இறங்கி வந்த சத்யப்பிரியாவைச் சிங்காரவேல் மடக்கினார். அந்தப் பெண் ‘பொதுமக்கள் பங்கேற்பு அலுவலர்’.

“அந்த ஜெல்லிய எப்பம்மா வைப்பாங்க?”

“இப்போதைக்கு நீங்க எங்க திட்டத்துல சேர்ந்திருக்கீங்க ஐயா. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“சேந்துட்டோம், சரி. கான்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா?”

சத்யப்பிரியா பெருமூச்சு விட்டாள். அவள் வேலையே பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. “இங்க எல்லாருமே கான்ட்ராக்ட்தான் ஐயா” என்றாள்.

அவள் சொன்னது தன் கதையை. சிங்காரவேல் கேட்டுக்கொண்டது தன் கதையை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்தே கூவினார்.

“கஸ்தூரி! உன்ன கான்ட்ராக்ட்ல எடுத்துகினாங்க!”

“இன்னாத்துக்கு? மண்ணு வெட்டவா?”

“நோயாளியா! இனிமே ஒரு கூட்டம் வுடாம போவணும். சீனியாரிட்டி ஏறிக்கினே வரும். ஒருநா பர்மனென்ட் பண்ணி ஜெல்லிய வச்சிருவாங்க. எனக்கு நடக்கலியா?”

“உனக்கு நடக்கறதுக்குள்ள எனக்கு மூணு புள்ள பொறந்துச்சு” என்றார் கஸ்தூரியம்மாள். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கும் அந்தப் பந்தி மனசில் இருந்தது.

இந்தச் செய்தி மந்தாரக்குப்பம் முழுக்கப் பரவியது. மூளையில் ஏதேனும் குறை உள்ளவர்களும், இருக்கலாமோ என்று சந்தேகப்பட்டவர்களும், குறை இருப்பதாக மருமகளால் சான்றளிக்கப்பட்டவர்களும் திட்டத்தில் சேர்ந்தார்கள். ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆன அய்யாசாமிக்கு மறதி வியாதி. தான்தான் முதலில் சேர்ந்ததாக அவர் சண்டைக்கு வந்தார்.

“நீ எப்பய்யா சேந்த?” என்று கேட்டார் சிங்காரவேல்.

“அது ஞாபகம் இல்ல. ஆனா உனக்கு முன்னாடி.”

“ஞாபகமே இல்லாதவனுக்கு இன்னாய்யா சீனியாரிட்டி?”

“ஞாபகம் இல்லாததுதான்யா என்னோட தகுதியே!”

வாதம் முற்றியது. இருவரும் சத்யப்பிரியாவிடம் போனார்கள். அவள் துணைவேந்தரிடம் போனாள். ‘நோயாளிகளிடையே ஆரோக்கியமான போட்டி நிலவுகிறது’ என்று துணைவேந்தர் ஐரோப்பாவுக்கு அறிக்கை அனுப்பினார். அங்கிருந்து பாராட்டு வந்தது.

கூட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. சின்னம் தேர்வு செய்ய ஒரு கூட்டம். சின்னத்தில் மூளை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வாஸ்து பார்க்க ஒரு கூட்டம். மென்மைக் குழு என்று ஒன்று, அந்தக் குழு போதிய மென்மையோடு நடந்துகொள்கிறதா என்று கண்காணிக்க ஒரு கடுமைக் குழு. பேனரில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில் வருவது என்று இரண்டு தரப்புக்கும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தகராறு. கடைசியில் மந்தாரக்குப்பம் பேனர் கடைக்காரர் வட்டமாக ஒரு பேனர் அடித்துக் கொடுத்தார். வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. படிக்க நினைத்தவர்கள் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்த காலத்தில் நடந்த ஒரே மருத்துவ விளைவு அந்தக் கழுத்துப் பிடிப்புதான்.

ஒருநாள் ஜெல்லியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். கூட்டம் முண்டியடித்தது. வெள்ளித் தட்டில் மூளை வடிவத்தில் பளபளவென்று ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“என்ன மாதிரியே நடுங்குது பாவம்” என்றார் கஸ்தூரியம்மாள்.

அய்யாசாமி தொட்டார். முகர்ந்தார். துணைவேந்தர் விளக்கிக்கொண்டிருந்தபோதே அதன் இடது பாகத்தை ஸ்பூனால் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“எளநி ஊத்தியிருக்கான். சக்கர கொஞ்சம் கம்மி” என்றார்.

மேடை திகைத்தது. அது பல்கலைக்கழக கேன்டீனில் கடற்பாசியில் செய்த மாதிரிப் பொருள் என்று பிறகு சொன்னார்கள். அசல் ஐரோப்பாவில் பத்திரமாக இருக்கிறதாம். மீதியிருந்த வலது பாகத்தையும் மதிய உணவோடு பரிமாறிவிட்டார்கள். அந்த மாத அறிக்கையில், ‘பொருளை மனித உடல் நன்கு ஏற்றுக்கொண்டது’ என்று எழுதப்பட்டதாகக் கேள்வி.

சிங்காரவேல் மட்டும் சலிக்கவில்லை. “மொதல்ல எங்கள மைன்ஸ்ல சேத்தப்பவும் இப்பிடித்தான். மெசின கண்ணால பாக்கவே ரொம்ப நாளாச்சு” என்பார். வந்த வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் மாலை போடுகிற வேலை கஸ்தூரியம்மாளுக்குத்தான். மாலை அவர் கையில் குலுங்கக் குலுங்க, வந்தவர்கள் மிகவும் நெகிழ்ந்து, அந்த நெகிழ்ச்சியைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஹரிணிக்குத் தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். கார்த்திகையில் ஒருநாள் சத்யப்பிரியா போன் செய்தாள். குரல் அவள் குரலாக இல்லை.

“ஐயா, வியாழக்கிழமை பெரிய விழா. அம்மாவ மேடைக்குக் கூப்பிடப் போறாங்க. வீடியோ எடுக்கறாங்க. அதனால... அன்னிக்குக் காலையில மட்டும் மாத்திரை வேணாம்னு வி.சி. சார் சொல்லச் சொன்னாரு. நடுக்கம் நல்லாத் தெரியணுமாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம் ஐயா” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் சிங்காரவேலின் காதில் ஏறவே இல்லை. போனை வைத்தவர் கண்கலங்கி நின்றார்.

“கஸ்தூரி, வந்துருச்சு! மெடிக்கல்! பர்மனென்ட் பண்றதுக்கு முன்னாடி மெடிக்கல் வெப்பாங்கல்ல, அதான் இது. உள்ளபடி எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுதான் போடுவாங்க. அன்னிக்கு மாத்திர போடக் கூடாது.”

“போடலன்னா கை கட்டயா பூடுமே.”

“ஒரு வேள. எனக்காவ.”

கஸ்தூரியம்மாள் மாத்திரை டப்பியை மூடி வைத்தார். “உனக்காவன்னா சரி” என்றார்.

வியாழக்கிழமை டவுன்ஷிப் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் வட்டப் பேனர். மேடையில் திரை கட்டி, அதில் ஐரோப்பியப் பேராசிரியர் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரியம்மாளைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினார்கள். மாத்திரை போடாத உடம்பு. முதலில் நடுக்கம் இருந்தது. பிறகு அதுவும் நின்று, தோள் முதல் விரல் வரை இறுகத் தொடங்கியிருந்தது. வீடியோக்காரர் வந்து பார்த்துவிட்டு, “சார், ஆடவே மாட்டேங்குது” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

துணைவேந்தர் எழுந்தார்.

“இத்திட்டம் மாபெரும் வெற்றியுடன் இன்று நிறைவடைகிறது! நாம் தொட்ட சிகரங்களைப் பாருங்கள். எண்ணற்ற ஒப்பந்தங்கள். கணக்கற்ற கருத்தரங்குகள். ஒரு சின்னம். எலிகளிடம் ஜெல்லி அற்புதமாக வேலை செய்திருக்கிறது. எலிகள் முழு ஒத்துழைப்பு அளித்தன. எந்த எலியும் இதுவரை புகார் கூறவில்லை. மனிதர்களிடம் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்பதை நாங்கள் தொடக்கத்திலிருந்தே தெளிவாக அறிந்திருந்தோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அடுத்த மாதம் முதல் நமது மையம் ஹைட்ரஜனில் இறங்குகிறது. பலகைக்குச் சொல்லியாகிவிட்டது!”

முதல் வரிசையில் சிங்காரவேல் எழுந்து நின்றார்.

“சார். ஜெல்லிய எலிக்கு வச்சிட்டீங்களா?”

“ஆமாம் ஐயா. வெற்றிகரமாக.”

“எலி எப்ப சார் சேந்துச்சு?”

“போன வருஷம்.”

“நாங்க அதுக்கு முன்னாடி வருஷமே சேந்தோம் சார்! எலி எங்களுக்கு ஜூனியர் சார்!”

மண்டபம் சிரித்தது. துணைவேந்தரும் சிரித்தார். திரையில் இருந்தவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள், சற்றுத் தாமதமாக அவரும் சிரித்தார். சிங்காரவேல் சிரிக்கவில்லை. நின்றபடி சுற்றிலும் பார்த்தார். நாங்கள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

“அப்ப இன்னிக்கு மெடிக்கல் இல்லியா?”

“எந்த மெடிக்கல்?” என்றார் துணைவேந்தர். சத்யப்பிரியா மேடை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கஸ்தூரியம்மாளின் முகமும் இறுகிப்போயிருந்ததால் அதில் ஒன்றும் தெரியவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “நீ சொன்னன்னுதான மாத்திரய வுட்டேன்.”

சிங்காரவேல் உட்கார்ந்துவிட்டார். பர்மனென்ட் ஆனவர், ரிட்டயர் ஆனவர், பேத்தி எடுத்தவர், எல்லாம் சேர்ந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விழா நிற்குமா? ‘சிறந்த பங்கேற்பாளர்’ என்று கஸ்தூரியம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள், துணைவேந்தருக்கும் ஒன்று. போட்டோக்காரர், “சார், அம்மா கைய புடிச்சுக் குலுக்குங்க” என்றார். துணைவேந்தர் வலது கையை நீட்டி, கஸ்தூரியம்மாளின் வலது கையைப் பிடித்தார். விரல்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக, அவர் கையைச் சுற்றி மூடிக்கொண்டன. பளிச்சென்று படம் எடுத்தார்கள். துணைவேந்தர் கையை இழுத்தார். வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தார். புன்னகை மாறாமல் உலுக்கினார். புன்னகை மாறி உலுக்கினார்.

“அம்மா, விடுங்க.”

“வரல சார்” என்றார் கஸ்தூரியம்மாள்.

மென்மைக் குழு மேடைக்கு ஓடியது. பின்னாலேயே கடுமைக் குழுவும் ஓடியது. மூளைக் கோளாறுகள் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள், அந்தக் கட்டுரைகளைத் திருத்தியவர்கள், அவற்றுக்கு விருது கொடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு கையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. “எங்கள் ஆய்வு கழுத்துக்கு மேலே மட்டும் சார். கை வேறு துறை” என்றார் ஒரு பேராசிரியர். திரையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “மிகவும் சுவாரசியமாக இருக்கிறது” என்றார். பிறகு பனி காரணமாக இணைப்பு அறுந்தது.

சிங்காரவேல் மேடைக்கு ஏறினார். சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, மனைவியின் வாயில் வைத்து, தண்ணீர் புகட்டினார்.

“அம்மா எப்போது கையை விடுவார்கள்?” என்றார் துணைவேந்தர்.

“மாத்திர வேல செய்யணும் சார். வெய்ட் பண்ணுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது சார். ஜெல்லி எப்பன்னு நாங்க கேட்டப்ப உங்க ஆளுங்களும் அதத்தான் சொன்னாங்க.”

காத்திருக்க முடியுமா என்ன, சாப்பாடு தயார். துணைவேந்தர் போகாமல் பந்தி தொடங்காது என்பது பல்கலைக்கழக மரபு. ஆகவே இருவரையும் ஒரே நாற்காலியை நகர்த்துவது போல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், பந்தியின் முதல் மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கைகள் இரண்டும் இலைகளுக்கு மேலே பாலம் போல் நின்றன. கஸ்தூரியம்மாளுக்குச் சிங்காரவேல் ஊட்டினார். துணைவேந்தர் இடது கையால் சாம்பார் சாதத்தை அள்ளினார். பாதி வாய்க்குப் போனது, பாதி மார்பில் இருந்த சால்வையில் இறங்கியது. அவர் அள்ள அள்ள, பக்கத்தில் இருந்த பதிவாளர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கஸ்தூரியம்மாள் அதைப் பார்த்தார்.

“பரவால்ல சார். மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

பாயசம் வந்தபோது சிங்காரவேல் கவனித்தார். பெண்டாட்டியின் முகத்தில் இறுக்கம் குறைந்திருந்தது. கண் இமைத்தது. துணைவேந்தரின் மணிக்கட்டில் இருந்த கஸ்தூரியம்மாளின் கட்டைவிரல் தளர்ந்து, எழுந்து, தாராளமாக ஒருமுறை அசைந்தது. பிறகு தானாக, நிதானமாக, இருந்த இடத்துக்கே திரும்பிப் போய் அழுத்திக்கொண்டது. கஸ்தூரியம்மாள் கணவனைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

துணைவேந்தருக்கு வியர்த்திருந்தது. “ஐயா, மருந்து வேலை செய்ததா? எனக்கு நாலு மணிக்கு ஹைட்ரஜன் இருக்கிறது.”

சிங்காரவேல் குனிந்து அந்தக் கையை இப்படியும் அப்படியும் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னும் இல்ல சார்” என்றார்.

“என்னய்யா இது! நான் எழுந்து போக வேண்டாமா?”

“ரிலீவர் வர்ற வரைக்கும் சீட்ட வுட்டு எறங்கக் கூடாது சார். இங்க அதான் பழக்கம்.”

“யாரய்யா என் ரிலீவர்?”

“அந்த ஜெல்லிதான் சார்” என்று சொல்லிவிட்டு, சிங்காரவேல் மனைவியின் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தனக்குச் சாதம் போடச் சொன்னார்.